டில்லியின் பலகணிப் பள்ளிவாசல்

டில்லி என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை செங்கோட்டையும் குதுப் மினாரும்தான். அவற்றின் படத்தைத் தீபாவளிக் காலண்டரிலேயே பார்த்திருப்போம். ஆனால் அதே டில்லியில், குதுப் மினாருக்குச் சில கிலோமீட்டர் தூரத்தில், எந்தக் காலண்டரிலும் இடம் பெறாத ஒரு பழைய பள்ளிவாசல் இருக்கிறது. அதன் பெயர் கிர்கி மஸ்ஜித். இந்தி மொழியில் கிர்கி என்றால் சன்னல். கல்லைத் துளைத்துச் செய்த சல்லடைப் பலகணிகள் அதன் மேல்தளச் சுவர் நெடுகிலும் அமைந்திருப்பதால் அந்தப் பெயர் வந்தது. பள்ளிவாசலைச் சுற்றி ஒரு கிராமம் வளர்ந்தது. அந்தக் கிராமத்துக்கும் கிர்கி என்பதே பெயராயிற்று. சன்னல் கொடுத்த பெயரில் ஓர் ஊர்! நம் தோட்டங்களில் மரத்தின் பேரும் ஆற்றின் பேரும் துரையின் பேரும் ஊர்ப் பெயராக இருக்கக் காண்கிறோம். சன்னல் பேரில் ஊர் இருப்பதை நாங்கள் அங்குதான் கண்டோம்.

பள்ளி விடுமுறையில் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து வட இந்தியாவைச் சுற்றிப் பார்க்கச் சென்றபோது இந்த இடத்தைத் தேடிப் போனோம். டில்லி மாநகரின் தென்பகுதியில், பெரிய சாலையின் ஒரு பக்கத்தில் கண்ணாடி பளபளக்கும் பேரங்காடிகள் நிற்கின்றன. நேர் எதிர்ப்பக்கம் குறுகலான சந்துகளும் நெருக்கமான மாடி வீடுகளுமாகக் கிர்கி கிராமம். அந்த வீடுகளின் நடுவே, ஒரு பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தது போல, கரிய பெரிய கட்டடம். முதற்பார்வையில் அதைக் கோட்டை என்றே நினைக்கத் தோன்றும். நான்கு மூலையிலும் அடி பருத்து மேலே சிறுத்துப் போகும் உருண்டைக் கொத்தளங்கள். அடிப்பக்கம் தடித்துச் சாய்ந்து ஏறும் சுவர்கள். வண்ண ஓடோ பளிங்கோ பூவேலையோ இல்லை.

இந்தப் பள்ளிவாசல் எழுந்தது 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். அப்போது டில்லியை ஆண்டவர் பிரோஸ் ஷா துக்ளக். 1351 முதல் 1388 வரை அவர் ஆட்சி. அவருக்கு முன் 1325 முதல் 1351 வரை ஆண்ட முகம்மது பின் துக்ளக்கைப் பற்றி நம் பெரியவர்கள் சிலர் கேள்விப்பட்டிருக்கலாம். தலைநகரையே டில்லியிலிருந்து தெற்கே தௌலதாபாத்துக்கு மாற்றப் பார்த்தவர். செப்புக் காசை வெள்ளிக் காசின் மதிப்புக்குச் செல்லுபடியாக்கப் பார்த்துத் தோற்றவர். அவர் கட்டிய ஜஹான்பனா என்ற மதில் சூழ்ந்த நகரத்தின் தெற்கு எல்லையில்தான் கிர்கி இருக்கிறது. பக்கத்திலேயே சத்புலா என்ற பழைய நீரணையும் நிற்கிறது. நகர் மதிலும் நீர்த்தேக்கமும் ஒன்றாய் அமைந்த கட்டடம் அது. அந்த முகம்மதுவின் ஆட்சி முடிந்தபோது கருவூலம் மெலிந்து போயிருந்தது. அடுத்து வந்த பிரோஸ் ஷாவுக்கோ கட்டடம் கட்டுவதில் தீராத ஆசை. கால்வாய், தோட்டம், அணை, கல்விக்கூடம், பள்ளிவாசல் என்று கட்டிக்கொண்டே இருந்தார். ஆசை பெரிது, பணம் சிறிது. அதனால் செதுக்கிய விலை உயர்ந்த கல்லுக்குப் பதிலாக, உடைத்த முரட்டுக் கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, மேலே கனமாகப் பூச்சு பூசும் முறை அவர் காலத்தில் பெருவழக்காயிற்று. டில்லிப் பகுதியில் கிடைக்கும் பாறை மிகக் கடினமானது. உளிக்கு எளிதில் மசியாது. ஆகையால் இந்த முறை கைக்கும் காசுக்கும் ஏற்றதாக இருந்தது. கட்டிய காலத்தில் வெள்ளையாக இருந்த பூச்சு அறுநூறு ஆண்டு மழையிலும் தூசியிலும் கறுத்துவிட்டது. நாம் இன்று காணும் கருமை கட்டியவர் விரும்பிய நிறமல்ல.

இனி இந்தக் கட்டடத்தின் புதுமைக்கு வருவோம். நேயர்களே, உங்கள் வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாயால் சொல்வதைவிட வரைந்து பார்த்தால் சட்டென்று விளங்கும்.

பொதுவாக இந்தியாவின் பெரிய பள்ளிவாசல்கள் எப்படி இருக்கும்? நடுவில் வானம் பார்த்த பெரிய முற்றம். மெக்கா நகர் இந்தியாவுக்கு மேற்கே இருப்பதால் முற்றத்தின் மேற்கே தொழுகைக் கூடம். மற்ற மூன்று பக்கமும் தூண் வரிசையுடன் தாழ்வாரம். மக்கள் கூட்டம் பெரும்பாலும் அந்த முற்றத்திலேயே வரிசை வரிசையாக நின்று தொழும். கிர்கியில் அந்தப் பெரிய முற்றம் கிடையாது. கட்டடம் முழுவதற்கும் கூரை போட்டு, அந்தக் கூரையில் நான்கு இடங்களை மட்டும் திறந்து விட்டிருக்கிறார்கள்.

தாளில் ஒரு பெரிய சதுரம் வரையுங்கள். அதன் ஒவ்வொரு பக்கமும் 170 அடி என்று வைத்துக்கொள்ளலாம். ஏக்கர் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏக்கர். இப்போது குறுக்கே ஐந்து, நெடுக்கே ஐந்து என்று கட்டம் போடுங்கள். 25 கட்டங்கள் வருகின்றன அல்லவா? முதல் வரிசையில் ஒன்றாவது, மூன்றாவது, ஐந்தாவது கட்டங்களில் ஒரு வட்டம் இடுங்கள். மூன்றாவது வரிசையிலும் ஐந்தாவது வரிசையிலும் அப்படியே செய்யுங்கள். மொத்தம் ஒன்பது வட்டங்கள். அந்த ஒன்பது கட்டங்களின் மேலே கும்மட்டங்கள் இருக்கின்றன; கட்டத்துக்கு ஒன்று அல்ல, கட்டத்துக்கு ஒன்பது. மூன்று மூன்றாக மூன்று வரிசை. ஆக, 9 தடவை 9, எண்பத்தொரு கும்மட்டங்கள்.

அடுத்து இரண்டாவது வரிசைக்கு வாருங்கள். அதில் இரண்டாவது, நான்காவது கட்டங்களைக் கறுப்பாகத் தீட்டுங்கள். நான்காவது வரிசையிலும் அதே இரண்டு கட்டங்கள். இந்த நான்குந்தான் வானம் பார்த்த முற்றங்கள். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு ஏறக்குறைய 30 அடி. மீதி எத்தனை கட்டங்கள்? 12. அவற்றுக்குத் தட்டைக் கூரை. ஒன்பதும் நான்கும் பன்னிரண்டும் கூட்டினால் 25 வருகிறது. கணக்கு ஒட்டிப் போயிற்று. எங்கள் மாணவர்களிடம் இதை வரையச் சொன்னபோது, படிப்பில் நாட்டமில்லாத ஒரு பையன் எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டு, “சார், இது நம்ம தாயக் கட்டம் மாதிரியே இருக்கு” என்றான். உண்மைதான். ஐந்துக்கு ஐந்து கட்டம் போட்டுத் தாயம் ஆடிய கைகளுக்கு இந்தப் படம் புதியதல்ல.

கீழிருந்து பார்ப்பவருக்கு இந்த அழகு தெரியாது. மேலிருந்து எடுத்த புகைப்படத்தில்தான் தெரியும். முட்டைகளைக் கூடையில் அடுக்கியது போல ஒன்பது ஒன்பதாகக் கும்மட்டங்கள்; இடையிடையே நான்கு கிணறு போன்ற திறப்புகள். கட்டடம் தரை மட்டத்தில் நில்லாமல், பத்தடி உயரமான மேடை மேல் நிற்கிறது. மேடையின் அடியில் வளைவு வாயில் கொண்ட சிறு அறைகள் வரிசையாக உள்ளன. கிழக்கிலும் வடக்கிலும் தெற்கிலும் வாசல்கள் முன்னே துருத்தி நிற்கின்றன. மேற்கில் வாசலுக்குப் பதிலாகத் தொழுகைத் திசையைக் காட்டும் மாடம் வெளியே துருத்துகிறது. எனவே நான்கு பக்கமும் ஒத்த தோற்றம்.

உள்ளே நுழைந்ததும் வெயில் நின்றுவிடுகிறது. நாங்கள் போன நாளில் வெளியே சூடு தாங்க முடியவில்லை. உள்ளே காலடியில் கல் குளிர்ந்து கிடந்தது. நூற்றுக்கு மேற்பட்ட கல் தூண்கள், அவற்றின் மேல் வளைவுகள், வளைவுக்கு அப்பால் மேலும் வளைவுகள். ரப்பர் நிரையின் ஒரு முனையில் நின்று மறுமுனையைப் பார்த்தால் மரங்கள் நெருங்கி நெருங்கிச் சின்னதாகப் போகுமே, அதே காட்சி. இங்கே மரத்துக்குப் பதில் தூண். இருட்டிலேயே நடந்து நடந்து திடீரென்று ஒரு முற்றத்தருகே வந்தால் வெளிச்சம் கொட்டுகிறது. மறுபடியும் இருட்டு, மறுபடியும் வெளிச்சம். பலகணிகளின் வழியே வரும் ஒளி சுவரருகே புள்ளி புள்ளியாக விழுகிறது. வௌவால்களின் வீச்சமும் கூடவே வருகிறது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாதியிலேயே திரும்பிய நண்பரும் எங்களில் உண்டு.

இப்படிக் கட்டியது நல்லதா? இந்தக் கேள்வியை அறிஞர்கள் கேட்டிருக்கிறார்கள். வெயிலும் குளிரும் கடுமையான டில்லியில் கூரை வேய்ந்த பள்ளிவாசல் வசதியானது என்று தோன்றும். நம் நாட்டில் பழைய பள்ளிவாசல்களை எடுத்துக்கொண்டால், மலாக்காவில் 1728ஆம் ஆண்டைச் சேர்ந்த கம்போங் ஹூலு பள்ளிவாசல் முதற்கொண்டு, எல்லாம் கூரையின் அடியில்தானே இருக்கின்றன! இங்கே மழை அப்படி. ஆனால் கூட்டுத் தொழுகைக்கு வேண்டியது என்ன? தோளோடு தோள் சேர்ந்த முறியாத வரிசைகள். கிர்கியில் தூண்கள் வரிசையை முறிக்கின்றன. ஓரத்தில் நிற்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. முற்றங்களோ சின்னவை, ஒன்றிலிருந்து மற்றொன்று தெரியாது. ஆயிரம் பேர் கூடும் வெள்ளிக்கிழமையில் இது இடைஞ்சல்தான். இதே அமைப்பில் டில்லி நிஜாமுத்தீன் பகுதியில் இன்னொரு பள்ளிவாசல் 1370-71இல் எழுந்தது. அதற்கும் நான்கு முற்றங்கள். இந்த இரண்டோடு டில்லியில் இந்த வழி நின்றுபோயிற்று. பின்னால் வந்த மன்னர்கள் பெரிய ஒரே முற்றத்துக்கே திரும்பினார்கள். ஆக, கிர்கியின் அமைப்பு விந்தையாக இருப்பதற்கு ஒரு காரணம், அதை யாரும் தொடர்ந்து கட்டவில்லை என்பதுதான். அதே காலத்தில் தக்காணத்தில், குல்பர்கா கோட்டைக்குள் 1367இல் கட்டிய பெரிய பள்ளிவாசலில் முற்றமே வைக்காமல் முழுவதும் மூடிவிட்டார்கள். அங்கும் அது பரவவில்லை. ஒரே தலைமுறையில் டில்லியிலும் தக்காணத்திலும் இரண்டு பேர் புது வழி தேடியிருக்கிறார்கள். வழி நிலைக்காமல் போனாலும் தேடிய துணிவை நாங்கள் மதிக்கிறோம்.

சரி, டில்லியில் தேடியவர் யார்? இங்கேதான் நம்மை நிமிர்ந்து உட்கார வைக்கும் செய்தி இருக்கிறது. கிர்கி பள்ளிவாசலைக் கட்டுவித்தவர் கான்-இ-ஜஹான் ஜூனான் ஷா. பிரோஸ் ஷாவின் முதல் மந்திரி. அவருக்கு முன்னால் அதே பதவியில், அதே பட்டப் பெயருடன் இருந்தவர் அவருடைய தந்தை மக்பூல். இந்த மக்பூல் டில்லிக்காரர் அல்லர். துருக்கியரும் அல்லர். தெலுங்கர்.

1323ஆம் ஆண்டில் டில்லிப் படை தெற்கே வந்து ஓரங்கல்லைப் பிடித்தது. காகதிய அரசர் பிரதாபருத்திரர் சிறைப்பட்டார். டில்லிக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் நீத்தார். அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய இளவரசர்தான் பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்ற பெயரில் ஆட்சிக்கு வந்தவர். அந்தப் படையெடுப்புகளின் அலைதான் மதுரையையும் அடைந்தது. 1335 முதல் 1378 வரை மதுரையில் தனிச் சுல்தான்கள் ஆண்டதற்கு அங்கேதான் வேர் இருக்கிறது. ஓரங்கல் அரசரிடம் உயர்ந்த நிலையில் இருந்த ஒருவர் டில்லிக்குக் கொண்டு போகப்பட்டு, இஸ்லாத்தைத் தழுவி, மக்பூல் என்ற புதுப் பெயர் பெற்றார். அவருடைய பழைய பெயர் கன்னு என்று ஷம்ஸ் சிராஜ் அஃபீஃப் என்ற பாரசீக மொழி வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது; ஆனால் அறிவு மிகக் கூர்மை என்றும் அதே ஆசிரியர் கூறுகிறார்.

தோற்ற நாட்டிலிருந்து வந்தவர், ஊர் மொழி புதிது, எழுத்துத் தெரியாது. அப்படிப்பட்டவர் பேரரசின் முதல் மந்திரியானார். பிரோஸ் ஷா படையெடுத்துத் தூரதேசம் போகும்போதெல்லாம் தலைநகரை அவர் கையில்தான் ஒப்படைத்துவிட்டுப் போவார். சிந்து நாட்டுப் படையெடுப்பின்போது சுல்தானும் படையும் கட்சுப் பாலைவெளியில் வழி தவறி, பல மாதம் ஒரு செய்தியும் வராமல் போயிற்று. டில்லியில் மக்கள் அழத் தொடங்கினார்கள். மக்பூல் என்ன செய்தார் தெரியுமா? சுல்தான் நலமாக இருக்கிறார் என்று கடிதம் வந்ததாகத் தாமே ஏற்பாடு செய்து ஊருக்கு அறிவித்து, கலகம் வராமல் காத்தார் என்று அக்கால வரலாறு சொல்கிறது. படிக்கத் தெரியாதவர் ஒரு கடிதத்தால் நகரைக் காத்த கதை!

நம் தோட்டங்களிலும் தெலுங்கு பேசும் குடும்பங்கள் இருந்தன, இன்றும் இருக்கின்றன. பேராக்கிலும் கெடாவிலும் தெலுங்குப் பள்ளிகள் நடந்த தோட்டங்கள் உண்டு. அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தச் செய்தியைச் சொன்னபோது அவர்கள் முகம் மலர்ந்ததைப் பார்த்தோம். ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். தந்தை தெலுங்கர் என்பதால், தூண்கள் நெருங்கிய இந்தக் கட்டடம் ஓரங்கல் கோயில் மண்டபத்தின் நினைவில் எழுந்தது என்று சொல்லிவிட நமக்கு ஆசையாக இருக்கும். கட்டியவர் மகன், அவர் டில்லி அரசின் அதிகாரத்திலேயே வளர்ந்தவர். கட்டடத்தின் வளைவும் கும்மட்டமும் சுண்ணாம்புப் பூச்சும் டில்லி வழக்கு. பெருமைக்காக வரலாற்றை வளைத்துச் சொன்னால், அடுத்தவன் தன் பெருமைக்காக வளைக்கும்போது நாம் வாய் திறக்க முடியாது.

பயணத்திலிருந்து திரும்பிய பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, தோட்டத்து மண்டபத்தில் நாங்கள் எடுத்து வந்த படங்களைக் காட்டினோம். முன் வரிசையில் வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், நாற்பது ஆண்டுக்கு மேல் பால் வெட்டியவர், படம் முடிந்ததும் கேட்டார்: “வாத்தியாரய்யா, மந்திரி கட்டுனாரு, மந்திரி கட்டுனாருங்கறீங்க. மந்திரியா கல்லு தூக்குனாரு? தூக்குனவங்க பேரு எங்கயாச்சும் எழுதியிருக்கா?”

“இல்லீங்க தாத்தா. பேரு எழுதலே. கணக்கு மட்டும் எழுதியிருக்காங்க” என்றோம்.

“கணக்காச்சும் இருக்கே. நம்ம பழைய ஆலை கட்டுறப்ப எங்கப்பா செங்கல்லு சுமந்தாரு. செவுத்துல வருசத்த மட்டும் பொறிச்சி வெச்சிருந்தாங்க. இப்ப அந்தச் செவுரும் இல்லே.”

அந்தக் கணக்கு என்ன என்பதை நேயர்களுக்கும் சொல்லிவிடுகிறோம். பிரோஸ் ஷாவிடம் தலைநகரிலும் மாநிலங்களிலுமாக 1,80,000 அடிமைகள் இருந்தனர் என்று அஃபீஃப் எழுதுகிறார். அவர்களில் 12,000 பேர் பலவகைக் கைத்தொழில் கற்ற வினைஞர்கள். இது ஓர் அரசவை சார்ந்த ஆசிரியர் தந்த எண். ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். ஆனால் அக்காலக் கட்டடங்களின் பின்னால் எத்தகைய உழைப்பு நின்றது என்பதைக் காட்ட அது போதும்.

அஃபீஃப் இன்னொரு காட்சியையும் விரிவாக விட்டுப் போயிருக்கிறார். பேரரசர் அசோகர் காலத்துக் கல் தூண் ஒன்று தோப்ரா என்ற ஊரில் நின்றது. ஒரே கல், உயரம் 40 அடிக்கு மேல். அதை டில்லிக்குக் கொண்டு வர பிரோஸ் ஷா ஆணையிட்டார். தூணைச் சுற்றி இலவம்பஞ்சை மலை போல் குவித்தார்கள். அடிமண்ணைத் தோண்டியதும் தூண் பஞ்சின் மேல் மெல்லச் சாய்ந்தது. பிறகு பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துத் தூணைத் தரைக்கு இறக்கினார்கள். நாணலும் பச்சைத் தோலும் சுற்றி, 42 சக்கரங்கள் கொண்ட வண்டியில் ஏற்றினார்கள். சக்கரத்துக்கு ஒரு வடம். வடத்துக்கு 200 ஆட்கள். பெருக்கிப் பாருங்கள்: 8,400 பேர். நதிக்கரை வரை இழுத்து, படகுகளில் ஏற்றி, டில்லியில் மறுபடியும் நிறுத்தினார்கள். அந்தத் தூண் இன்றும் பிரோஸ் ஷா கோட்லாவில் நிற்கிறது. இழுத்த 8,400 பேரில் ஒருவர் பெயரும் நம்மை வந்து எட்டவில்லை. எங்கள் மாணவர் சிலர் இதைக் கேட்ட பிறகு தங்கள் தோட்டத்தின் பழைய கோயிலையும், சூராவையும், ஆலையையும், கிணற்றையும் கட்டியவர் யார் என்று வீட்டில் கேட்டு எழுதி வரத் தொடங்கியிருக்கிறார்கள். சில தாள்களில் நான்கைந்து பெயர்கள் வந்திருக்கின்றன. தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்பு நிலமாகிவிட்ட இடங்களில் கேட்பதற்கு ஆளும் இல்லை, காட்டுவதற்குக் கல்லும் இல்லை.

கிர்கிக்குத் திரும்புவோம். கூரையின் ஒரு பகுதி இடிந்து விழுந்துவிட்டது. அங்கே தொழுகை நடப்பதில்லை. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத் துறை அதைக் காப்புச் சின்னமாக வைத்திருக்கிறது. இத்தகைய சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பக் கூடாது என்று 2010ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் சொல்கிறது. கிர்கியின் சந்துகளில் நடந்து பார்த்தவர்களுக்கு, சட்டம் வருமுன்னே வீடுகள் வந்துவிட்டன என்பது விளங்கும். வீட்டுக்காரர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. இடமில்லாதவன் இருக்கும் இடத்தில்தானே ஒண்டுவான்? அதே வட்டாரத்தில் உள்ள பேகம்பூர் பள்ளிவாசலுக்குள் ஒரு கிராமமே குடியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அவர்களை வெளியேற்றினார்கள். லயத்தில் பிறந்து, தோட்டம் கைமாறியபோது மூட்டை கட்டிய குடும்பங்களுக்கு, அந்த வெளியேற்றத்தின் மறுபக்கமும் தெரியும்.

2018ஆம் ஆண்டில் கிர்கியில் பழுதுபார்ப்பு வேலை நடந்தபோது, தரையைச் சுத்தம் செய்த வேலையாட்களுக்கு ஒரு புதையல் அகப்பட்டது. 254 செப்புக் காசுகள். பள்ளிவாசல் கட்டி ஏறக்குறைய இருநூறு ஆண்டு கழிந்தபின் புழங்கிய காசுகளும் அவற்றில் இருந்தன. பொன்னல்ல, வெள்ளியல்ல, செம்பு. சந்தைக்குப் போகும் சாதாரண மக்களின் காசு. யாரோ ஒருவர் முடிச்சுப் போட்டு மறைத்து வைத்து, திரும்ப வந்து எடுக்காமலே போய்விட்டார் என்று எண்ண இடமுண்டு.

மந்திரி ஜூனான் ஷாவின் முடிவையும் சொல்லிவிட வேண்டும். தந்தைக்குப் பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் அதிகாரம் செலுத்தினார். டில்லியில் ஏழு பள்ளிவாசல்கள் கட்டினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. சுல்தான் பிரோஸ் மூப்படைந்து தளர்ந்தபோது, மந்திரிக்கும் இளவரசர் முகம்மதுவுக்கும் பகை மூண்டது. இளவரசர் சதி செய்கிறார் என்று மந்திரி சுல்தானிடம் சொன்னார். இளவரசரோ நேரே தந்தையிடம் போய் மன்றாடி, குற்றத்தை மந்திரி மேலேயே திருப்பிவிட்டார். மந்திரி டில்லியை விட்டு ஓடி மேவாத் பக்கம் அடைக்கலம் புகுந்தார். அடைக்கலம் கொடுத்தவரே அவரைப் பிடித்துக் கொடுத்தார். அவர் தலை போயிற்று. அது 1387ஆம் ஆண்டு.

அதே 1387ஆம் ஆண்டைத் தாங்கிய கல்வெட்டு ஒன்று பழைய டில்லியில், துர்க்மான் வாசலருகே உள்ள கலான் மஸ்ஜித்தில் இருக்கிறது. அதுவும் ஜூனான் ஷா கட்டியதுதான். கிர்கியைப் போலவே உயர்ந்த மேடை, சாய்ந்த சுவர், அடி பருத்த கொத்தளங்கள், மேலே சிறு சிறு கும்மட்டங்கள். ஆனால் நடுவில் வழக்கமான ஒரே முற்றம். தாமே தேடிய புது வழியை அங்கே அவர் கைவிட்டிருக்கிறார். நாங்கள் அங்கே போனபோது மாலைத் தொழுகை நேரம். பாங்கு ஒலித்ததும் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களும் சுமை தூக்குபவர்களும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுப் படியேறினார்கள். சுவரில் பச்சையும் நீலமுமாகப் புதிய சாயம் பூசியிருந்தார்கள். பழைய பூச்சின் கருமை அந்தச் சாயத்தின் அடியில் எங்கோ இருந்தது.